பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம்
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பிள்ளைகளின் இருமலைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதற்கு வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருக்கிற புகை, புழுதி, தண்ணீர் பற்றியவை. சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. ஆள், பாடசாலை, ஆலை என்று எந்தப் பெயரும் போடவில்லை, நானே வெட்டிவிட்டேன். கடிதம் எழுதினவரைக் கூப்பிட்டு விசாரிக்கிற நிலை வந்தால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள்.

கேள்வி: என் மகன் தரம் 4 படிக்கிறான். மைதானத்துக்குப் பின்னால் நெல் அவிக்கிற அரிசி ஆலை இருக்கிறது. வைகாசியில் இருமல் தொடங்கினால் ஆவணி வரை விடாது, இரவில் முட்டும் வருகிறது. விடுமுறைக்கு என் தாய் வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாளே சுகமாகிவிடுகிறான். அது எங்கள் குடும்பத்து முட்டு, என் அப்பாவிடமிருந்து வந்தது என்று மாமி சொல்கிறார். ஆலைப் புகை காரணமாக இருக்குமா?
– ஒரு தாய், கிளிநொச்சி மாவட்டம்

தங்கச்சி, மாமி சொல்வதில் பாதி சரி. முட்டு என்கிற தொய்வு, அதாவது ஆஸ்துமா, குடும்பவழியாக வரக்கூடியதுதான். ஆனால் காய்ந்த வைக்கோல் தானாகப் பற்றாது, யாராவது நெருப்பு வைக்கவேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வைகாசி முதல் ஆவணி வரை என்ற அந்த ஒரு வரி. அது சோளகக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிற மாதங்கள். உங்கள் ஆலை பள்ளிக்கூடத்துக்குத் தெற்கிலோ மேற்கிலோ இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். இருந்தால் அந்த நாலு மாதமும் புகை நேரே வகுப்புக்குள் வருகிறது, மார்கழி, தையில் வாடைக்காற்று அதை மறுபக்கம் தள்ளிவிடுகிறது, பிள்ளையும் சுகமாக இருக்கிறான்.

நெல் அவிக்கிற கொதிகலனுக்கு எரிப்பது உமி. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பலாகவே மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மேசையிலும் வெள்ளைச் சட்டையிலும் வந்து விழுகிற கறுப்புத் துகளைப் பார்த்துத்தான் எல்லோரும் கோபப்படுகிறோம். அது கண்ணை உறுத்தும், மூக்கை அடைக்கும், அதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆழமாகப் போவது கண்ணுக்குத் தெரியாத துகள். 2.5 மைக்ரோனுக்குக் குறைந்தது, தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதது. அது மூச்சுக்குழாயின் கடைசி நுனிவரை போகும். பிள்ளைகள் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் எங்களை விடக் கூடுதலான காற்றை உள்ளே இழுக்கிறார்கள், இடைவேளையில் ஓடி விளையாடும்போது இன்னும் கூட. சுவாசப்பையோ பதின்ம வயது முடியும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் 1993 முதல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து ஊதவைத்து அளந்தார்கள். மாசு கூடிய ஊர்ப் பிள்ளைகளின் சுவாசப்பை வளர்ச்சி 18 வயதில் குறைந்திருந்தது என்று 2004இல் வெளியிட்டார்கள். 2015இல் வந்த செய்தி இன்னும் முக்கியம்: காற்றைச் சுத்தமாக்கிய பிறகு அதே ஊர்களில் வளர்ந்த அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சுவாசப்பை நன்றாக வளர்ந்திருந்தது. ஆகவே 'இது அவன்ர உடம்பு வாகு' என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது என்னுடைய ஒரு பிழையைச் சொல்லவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த காலத்தில் இதேபோல ஒரு முறைப்பாடு வந்தது. மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கார்த்திகை மாதம், பின்னேரம் மூன்று மணி. புகை வயல்பக்கம் போய்க்கொண்டிருந்தது, வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். அடுத்த ஆனியில் வேறொரு வேலையாக அதே பள்ளிக்கூடத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் தேவாரம் பாடுகிற பிள்ளைகளில் கால்வாசி இருமிக்கொண்டு நிற்குது. என் அறிக்கை பொய் இல்லை, ஆனால் அந்த நாளும் நேரமும் பிழை.

அதனால்தான் எல்லோரிடமும் ஒரு கொப்பி கேட்கிறேன். ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதுங்கள்: திகதி, இரவில் இருமினானா, காற்று எந்தப் பக்கமிருந்து, ஆலை ஓடியதா, பள்ளிக்கூடம் போனானா. முடிந்தால் இன்னும் இரண்டு மூன்று தாய்மாரையும் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியை டொக்டரிடம் காட்டினால் அவர் வெறும் சளி என்று பாணி மருந்து எழுதுவதற்குப் பதிலாகத் தொய்வா என்று பார்ப்பார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுத்தால் பரிசோதகர் எந்த மாதம், எந்த நேரம் வரவேண்டும் என்பது அவருக்கே விளங்கிவிடும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும், உங்கள் மகன் இந்த வருடம் அதற்குள் வருகிறான். அன்றைக்கு அந்தக் கொப்பி அவன் பையில் இருக்கட்டும்.

டொக்டர் மருந்தை உள்ளிழுக்கிற பம்ப் தந்தால் பயப்படாமல் பாவியுங்கள். 'பழகிப்போகும்' என்பது வெறும் பேச்சு. நீலப் பம்ப் முட்டு வந்தால் உடனே திறக்க, மண்ணிறப் பம்ப் வராமல் தடுக்க. பலர் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மண்ணிறத்தை அலுமாரியில் பூட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கேட்காமல் விடமுடியாது. வீட்டில் இரவில் நுளம்புச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிய வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று 2003இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆலையோடு சண்டைக்குப் போக முன்னம் சுருளை நிறுத்தி வலை கட்டுங்கள். ஆலைக்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். ஆலையின் அளவைப் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ பிரதேச சபையோ கொடுக்கும், அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்கிற நேரம்தான் உங்கள் நேரம், நிபந்தனை போடச் சொல்லிக் கேட்கலாம். 'புகைபோக்கியை உயர்த்திவிடுகிறோம்' என்பார்கள். உயர்த்தினால் பள்ளிக்கூடத்தில் விழுவது குறையும், ஆனால் சாம்பலைப் பிடிக்கிற அமைப்பும் வைத்து, முடிந்தால் கொதிகலனைப் பள்ளிக்கூட நேரத்துக்கு வெளியே மூட்டச் சொல்லுங்கள். ஆலையை மூடு என்று போகாதீர்கள், அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்கு முன்னால் கிரவல் வீதி. நாள் முழுக்க டிப்பர் ஓடுகிறது. யன்னலைப் பூட்டினால் வெக்கை, திறந்தால் புழுதி. சத்தத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கேட்பதில்லை, எனக்கே தொண்டை கட்டிவிட்டது. புழுதி பற்றி எழுதினோம், 'அது வெறும் மண்தானே' என்று பதில் வந்தது.
– ஓர் ஆசிரியை, முல்லைத்தீவு மாவட்டம்

டீச்சர், வெறும் மண்தான், ஆனால் டிப்பர் சில்லு அரைத்த மண். ஒவ்வொரு ஓட்டமும் கிரவலை இன்னும் நைசாக்குகிறது. இந்த நாட்டுத் தரநிர்ணயத்திலேயே 10 மைக்ரோனுக்குக் குறைந்த தூசுக்கு எல்லை இருக்கிறது, 24 மணி நேரச் சராசரி கனமீற்றருக்கு 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதே தூசுக்குச் சொன்ன அளவு 45. வெறும் மண்ணென்றால் இரண்டு பேரும் எதற்கு மினக்கெட்டு எல்லை வைத்தார்கள்?

ஆனால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய சத்தம்தான் என்னை நிறுத்தியது, அதைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்வதில்லை. வகுப்பறைக்குள் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் எழுதியது, டிப்பர் வேண்டாம், ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வீதியால் போனாலே அந்தக் கணக்கு முறிந்துவிடும். நியூயோர்க்கில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பக்கத்து வகுப்புகளை உரசிக்கொண்டு மேம்பால ரயில் ஓடுகிறது, மற்றப் பக்கம் அமைதி. 1975இல் இரண்டு பக்கப் பிள்ளைகளின் வாசிப்பையும் ஒப்பிட்டார்கள். ரயில் பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் வைத்து, வகுப்புக்குச் சத்தம் உறிஞ்சுகிற கூரையும் போட்டார்கள். அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. பிள்ளையும் அதே பிள்ளை, பாடமும் அதே பாடம். எங்கள் பக்கத்தில் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் தாய் தகப்பனையும் டீச்சரையும் பேசுவோம், வீதியை ஒருவரும் பேச மாட்டோம்.

என்ன செய்யலாம்? கிரவல் எடுக்க அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போதே ஓட்டத்துக்கு நிபந்தனை போடலாம். காலை 7 மணியிலிருந்து பள்ளிக்கூடம் தொடங்கும்வரையும், விடுகிற நேரத்திலும் டிப்பர் ஓடக்கூடாது, பாரத்தைப் படங்கால் மூடவேண்டும், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகம் குறைக்கவேண்டும், காய்ந்த நாளில் இரண்டு வேளை பவுசரால் தண்ணீர் அடிக்கவேண்டும். இவற்றைப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தலைப்பில். ஒரு ஆசிரியையின் கடிதத்துக்கும் சங்கத்தின் கடிதத்துக்கும் கச்சேரியில் இருக்கிற மரியாதையே வேறு. அதுவரை சின்ன வகுப்புகளை வீதிப்பக்கக் கட்டடத்திலிருந்து பின்னுக்கு மாற்றுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அதிபர் மனம் வைத்தால் ஒரு பின்னேரத்து வேலை.

கேள்வி: எனக்கு 68 வயது. நாங்கள் காலங்காலமாகச் செய்துவந்த வயல். மீளக்குடியேறின பிறகு வரம்புக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இப்போது நான் மருந்தடிக்கிறது பிள்ளைகளுக்குக் கேடாம். இத்தனை காலமும் மருந்தடித்த நெல்லைச் சாப்பிட்டுத்தானே எல்லாரும் வளர்ந்தது?
– ஒரு விவசாயி, மல்லாவிப் பக்கம்

ஐயா, உங்கள் கோபம் நியாயம். வயல் முதலில் வந்தது, பள்ளிக்கூடம் பிறகு வந்தது, காணி கொடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கவேண்டும். ஆனால் 'இத்தனை காலமும்' என்று சொல்லாதீர்கள், எண்டோசல்பானையும் அப்படித்தான் நல்ல மருந்து என்று அடித்தோம், 1998இல் தடை செய்தார்கள். பரகுவாட்டும் பிறகு போய்விட்டது. அரிசியில் மிஞ்சுவது வேறு, காற்றில் வருகிற தூறல் வேறு. கிருமிநாசினிகளில் சில வகை நரம்பைத் தாக்குபவை. தலையிடி, சத்தி, வேர்வை, கண் மங்கல் என்று வரும், பத்து வயதுப் பிள்ளைக்குக் கொஞ்ச அளவே போதும். நீங்களும் மருந்தடித்த அன்றைக்கு இரவு சோறு இறங்காமல் படுத்திருப்பீர்கள், இல்லையா?

சனி, ஞாயிறில் அடியுங்கள். அவசரமென்றால் பள்ளிக்கூடம் விட்டபிறகு, காற்று ஓய்ந்த பின்னேரத்தில். முதல் நாளே அதிபருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டால் அவர் யன்னலைப் பூட்டிக்கொள்வார், மைதானத்துக்குப் பிள்ளைகளை விடமாட்டார். பள்ளிக்கூடப் பக்கம் இரண்டு மூன்று வரம்பு அகலத்துக்கு மருந்தே அடிக்காமல் விட்டால் இன்னும் நல்லது. வெறும் போத்தலை வாய்க்காலில் எறியாதீர்கள், நான் வேலை செய்த காலத்தில் அப்படிப் பொறுக்கின போத்தலில் ஒரு பெடியன் தண்ணீர் கொண்டுவந்து வகுப்பில் வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். அப்புறம், அறுவடை முடிந்து வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறதையும் கொஞ்சம் யோசியுங்கள், மாட்டுக்காரர் கேட்டால் கொடுத்துவிடலாமே.

கேள்வி: 2022இல் காற்று மாசென்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அது இந்தியாவிலிருந்து வந்த புகை என்றார்கள். அப்படியென்றால் நாங்கள் இங்கே அடுப்பையும் ஆலையையும் குறை சொல்லி என்ன பயன்?
– வவுனியா வாசகர்

அந்த டிசம்பர் 9ஆம் திகதியை யார் மறப்பார்கள், நாடு முழுக்க அரச பாடசாலைகளுக்கு லீவு, இங்கே மழையிலும் குளிரிலும் மாடுகள் செத்து விழுந்த கிழமை. ஆமாம், அன்றைக்குக் காற்றோடு வந்தது வெளிப்புகை. ஆனால் அது சில நாள் கதை. பள்ளிக்கூடம் வருடத்தில் ஏறக்குறைய இருநூறு நாள் நடக்கிறது, மிச்ச நாளெல்லாம் பிள்ளை சுவாசிப்பது உள்ளூர்ப் புகையை. வெளிப்புகை வருகிற நாளில் உள்ளூர்ப் புகையும் அதற்கு மேலே ஏறி நிற்கும். பெரிய வெள்ளம் வரும் என்பதற்காக வீட்டுக் கூரை ஒழுக்கை அடைக்காமல் விடுவோமா?

கேள்வி: மகள் தரம் 7. முன்பல்லில் வெள்ளைக் கோடும் மண்ணிறப் புள்ளியும். பற்பசை மாற்றியும் போகவில்லை, சிரிக்கவே வெட்கப்படுகிறாள். வகுப்பில் இன்னும் பலருக்கு இருக்கிறதாம். வீட்டிலும் பாடசாலையிலும் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்.
– ஒரு தகப்பன், வவுனியா மாவட்டம்

தேய்க்கிறதை நிறுத்துங்கள், அது ஊத்தை இல்லை. பெரும்பாலும் தண்ணீரிலுள்ள புளோரைட்டு. இதற்கு ஆலையையோ அயலவரையோ குறை சொல்ல முடியாது, கீழே இருக்கிற பாறையிலிருந்து ஊறி வருவது. பல் முரசுக்குள் உருவாகிற காலத்தில், எட்டு வயதுக்கு முன்னம், கூடுதலாகக் குடித்தால் எனாமலில் அந்தக் கறை விழும், பிறகு போகாது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்கிறது. இலங்கைத் தரம் 1.0, ஏனென்றால் வெக்கை நாட்டில் நாங்கள் கூடத் தண்ணீர் குடிக்கிறோம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும்.

மகளுக்குப் பல் வைத்தியர் வெளிப்பூச்சுச் செய்து மறைத்துவிடுவார், அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அவசரம் அவளுக்குக் கீழே இருக்கிற தம்பி தங்கைக்குத்தான். வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு இரண்டையும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள். கூடவாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரோ சேமித்த மழைத்தண்ணீரோ பாவியுங்கள், குளிக்க, கழுவக் கிணறு போதும்.

அதோடு மகளிடம் இதையும் கேளுங்கள், அல்லது தாயைக் கேட்கச் சொல்லுங்கள்: பள்ளிக்கூட மலசலகூடம் பாவிக்கக்கூடியதா? பல பெண்பிள்ளைகள் அங்கே போகப் பயந்து காலையிலிருந்து இரண்டு மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. தலையிடி, மலச்சிக்கல், சலக்கடுப்பு என்று வருவதில் பாதிக்கு மேல் அந்தக் கதவில் கொண்டி இல்லாததால் வருவது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

கேள்வி: தரம் 10 மாணவன். வெள்ளிக்கிழமை சிரமதானத்தில் குப்பை எரிப்பது எங்கள் வகுப்பு வேலை. பொலித்தீன், யோகட் கப், ரெஜிபோம், பழைய பேனை எல்லாம் போடுவோம். எரித்து முடிய எனக்குத் தலையிடி, கண் எரிவு. மாட்டேன் என்றால் ஒழுக்கமில்லாதவன் என்பார்கள்.
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்புப் பக்கம்

தம்பி, நீர் எழுதியது சரி, உம்முடைய தலையிடியும் உண்மை. யோகட் கப்பும் ரெஜிபோமும் ஒரே சாதிப் பிளாஸ்டிக், எரித்தால் கரும்புகையும் ஸ்டைரீனும் வரும். வயர் உறை, பி.வி.சி. துண்டு ஏதும் கலந்துவிட்டால் டையொக்சின் உண்டாகும், அது உடம்புக்குள் போனால் வருடக்கணக்காகக் கொழுப்பில் தங்கிவிடுகிற நஞ்சு. பிளாஸ்டிக் சேர்ந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி வெளியான வர்த்தமானியால் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் வர்த்தமானியைத் தூக்கிக்கொண்டு அதிபர் அறைக்குள் போகாதீர், பத்தாம் தரத்துப் பெடியன் சட்டம் பேசினால் பெரியவர்களுக்கு முதலில் கோபம்தான் வரும். விவசாயப் பாட ஆசிரியரிடம் போய், எரிக்காமல் பிரிக்கிற வேலையை எங்கள் வகுப்பு எடுக்கிறது என்று கேளும். இலைகுழை ஒரு குழிக்கு, பொலித்தீனும் கப்பும் கழுவிச் சாக்கில் கட்டிப் பிரதேச சபை உழவு இயந்திரத்துக்கு. ஒரு மாதம் ஒழுங்காக நடந்தால் அதிபரே காலைக்கூட்டத்தில் பெருமையாகச் சொல்வார். உடனே சரிவராவிட்டால், குறைந்தது நெருப்புக்குக் காற்று வருகிற பக்கத்தில் நில்லும், தொய்வு உள்ள நண்பர்களைக் கிட்ட விடவேண்டாம்.

குழி என்றதும் இன்னொரு யோசனை. உங்கள் பக்கத்தில் குப்பை எரிக்கிறதில் புகையை விடப் பெரிய ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது, யுத்தகாலத்து வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். எனவே புதுக்குழியை மூலையில் பற்றைக்குள் தோண்டவேண்டாம், ஏற்கெனவே கிளறிப் பயிர் வைத்த தோட்டப் பக்கமாகப் பார்த்து, ஒரு பெரியவர் கூட நிற்கத் தோண்டுங்கள். மண்வெட்டியில் தெரியாத இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிட்டு எல்லோரையும் விலக்கி, ஆசிரியரிடம் சொல்லும். அவர் பொலிசுக்கு அறிவிப்பார். குழி அடுத்த வெள்ளிக்கிழமை தோண்டலாம்.